கீழ்முனையில் ஒரு பெருக்கல்குறி

ரொக்காவெல் ஊர்மன்றம்
மார்ச் 4

அண்ணா,

தொலைபேசி ஒன்பது முறை ஒலித்து ஓய்கிறது, நீ எடுப்பதில்லை. பண்ணை வாயிலுக்கு வந்தால், நாயை அவிழ்த்துவிட்டு நீ கொட்டகைக்குள் போய்விடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். இரண்டு கிலோமீட்டர் தொலைவைக் கடக்க இம்மடல் ரொதேஸ் நகரம்வரை போய், முத்திரை வாங்கி, மூன்றாம் நாள் ஃபாபியெனின் அஞ்சல் வண்டியில் உன்னிடம் திரும்பி வரும். ஒரே வயிற்றில் பிறந்த இருவர் பேசிக்கொள்ள இத்தனை சுற்று!

செய்தி இதுதான். சலவைத்துறையில் தொடங்கி, இடிந்த கோட்டையைச் சுற்றி, உன் மேய்ச்சல் நிலத்தின் ஊடே அரக்கன் மேசையைத் தொட்டு, பழைய மாவரைக்கும் நீராலைக்கு இறங்கி, ஆற்றங்கரையோடு ஊர் திரும்பும் நடைவழியை மே மாத இறுதியில் முழுவட்டமாகத் திறக்கிறோம். வழிகாட்டி ஏடு அச்சேறிவிட்டது. அந்த வட்டத்தை நீ கம்பிவேலியால் அறுத்து வைத்திருக்கிறாய். அரக்கன் மேசை ஐயாயிரம் ஆண்டாய் நிற்கும் கல்திட்டை. அந்த மூடுகல்லைத் தூக்கி வைத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது; ஆனால் அவர் அதைச் சுற்றி வேலி போடவில்லை. நிலம் உன்னுடையது, அதன் நடுவே ஓடும் நான்கு முழ வழி ஊருடையது.

நேற்று தன் உணவகத்தில் மிரேய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓதில், இந்தக் கோடையிலயும் நடக்கிறவங்க வரலன்னா அக்டோபர்ல கதவ சாத்திட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா மிரட்டுறேன்னு நெனைக்காத." அந்தக் கதவும் சாத்தப்பட்டால், நூற்று நாற்பது பேர் வாழும் இந்த ஊரில் குளிர்காலத்தில் திறந்திருக்கும் பொதுக்கதவு கல்லறைத் தோட்டத்துடையது ஒன்றே.

வேலியை எடுத்துவிடு.

தங்கை
ஓதில்


மாசெல் பண்ணை
மார்ச் 9

மேயர் அம்மையாருக்கு,

உங்கள் வழிகாட்டி ஏட்டில் ஆகஸ்ட் பன்னிரண்டாம் நாளை அச்சிட்டிருக்கிறீர்களா? இல்லையெனில் நானே எழுதித் தருகிறேன்.

அன்று உங்கள் புகழ்பெற்ற நடைவழியில் ஒருவன் நாயைக் கயிறின்றி அழைத்து வந்தான். நாய் மந்தையைக் கண்டது. மந்தை நாயைக் கண்டது. பத்தொன்பது பெண்ணாடுகள் கழுகுமுனைப் பாறையிலிருந்து விழுந்தன. கயிறு கட்டி இறங்கினேன். மூன்றுக்கு உயிர் இருந்தது. அந்த மூன்றையும் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன்.

மேலே வந்தபோது நாய்க்காரன் நின்றிருந்தான். "எங்க நாய் ரொம்ப சாதுங்க. வெளையாடத்தான் ஓடுச்சு."

"யாரோட வெளையாடுச்சு? கீழ இறங்கிப் போய்க் கேட்டுட்டு வா."

அந்த வாரம் மன்றக் கூட்டத்தில் நீ சொன்னது என் காதில் இன்னும் அறைகிறது. "பத்தொம்போது ஆடு, நூத்தி நாப்பது சனம். எது பெருசுண்ணா?" ஊர் முன்னால் என் தங்கை என்னைத் தராசில் வைத்தாள். அன்றிலிருந்து தொலைபேசி எனக்கு ஒலிப்பதில்லை.

இந்த வட்டத்தின் ஒவ்வொரு மரத்திலும் பாறையிலும் உள்ள மஞ்சள் கோடு என் கை போட்டது. முப்பத்தொரு வருடம். கூலியில்லை, கேட்டதுமில்லை. இனித் தூரிகை தொட மாட்டேன். வழியை எனக்கே விற்றுவிடும்படி மனு கொடுத்திருக்கிறேன். ஆள் நடக்காத வழியை ஊர் விற்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊரார் கருத்தெழுதும் விசாரணைப் பதிவேட்டை மே மாதத் தொடக்கத்தில் மன்றத்தில் திறந்து வை.

ஃபிர்மேன் வைசாத்


ஊர்மன்றம்
மார்ச் 21

அண்ணா,

ஆள் நடக்காத வழியை விற்கலாம் என்கிறாய். நடந்தால்?

இரண்டு ஞாயிறாக நடக்கிறோம். மிரேய், மன்ற உறுப்பினர் லுசியேன், பள்ளி ஆசிரியை, நான். உன் வேலிக்கு அடியில் மேயரே மண்ணில் படுத்து ஊர்ந்ததை நீ கொட்டகை வாசலில் நின்று பார்த்தாய். சீட்டியும் அடித்தாய். லுசியேனின் கால்சட்டை கம்பியில் கிழிந்தபோது நீ சிரித்தது ஆற்றங்கரைவரை கேட்டது. "உங்கண்ணன் சிரிச்சு ஏழு மாசமாச்சு. என் கால்சட்டை ஒண்ணு போனா போகட்டும்," என்றார் அவர்.

சிரித்தவனிடம் ஒன்று கேட்கிறேன். அன்று அவையில் நான் சொன்னது கொடுஞ்சொல். அதை நான் எண்ணிப் பாராத நாளில்லை. ஆனால் ஒரு கொடுஞ்சொல்லுக்காக ஓர் ஊரின் வட்டத்தை அறுப்பாயா? நாய்க்குக் கயிறு என்று பலகை வைக்கிறேன். குட்டியீனும் காலத்தில் வழியை அடைக்க ஆணையிடுகிறேன். தானே சாத்திக்கொள்ளும் மரக்கதவு போடலாம். இதற்கு மேல் என்னதான் வேண்டும் உனக்கு?

ஓதில்


மாசெல்
ஏப்ரல் 2

ஓதில்,

பலகையை நாய் படிக்காது. நாய்க்காரன் படித்தும் நடப்பதில்லை.

வேலியை எடுத்துவிட்டேன். நம்பவில்லையெனில் வந்து பார். கம்பியும் பூட்டும் இல்லாமலே நடப்பவர்கள் தாங்களாகவே ஒதுங்கிப் போக எனக்கு ஒரு வழி தெரியும். உன் ஞாயிற்றுப் படையைத் தவிர இங்கே எவனும் கண்ணால் நடப்பதில்லை, குறியால்தான் நடக்கிறான்.

ஃபிர்மேன்


ஊர்மன்றம்
ஏப்ரல் 14

அண்ணா,

வேலி இல்லை, கண்டேன். நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

ஞாயிற்று நடையை நிறுத்திவிட்டேன். ஏனென்று கேட்காதே. பன்னிரண்டாம் நாள் உன் நிலத்தின் மேல்முனைவரை தனியாக வந்து ஓர் ஒளிப்படம் எடுத்தேன். அது எதற்கென்று விசாரணை நாளில் ஊர் அறியும். அதுவரை நான் வாய் திறப்பதாயில்லை.

இந்த ஆண்டு வழியோரச் சூரைமுட்செடிகள் நன்றாகத் தழைத்திருக்கின்றன. உன் குட்டிகளும் நலமென்று ஃபாபியென் சொன்னாள்.

ஓதில்


மாசெல்
ஏப்ரல் 28, மாலை

ஓதில்,

நண்பகலிலிருந்து கழுகுமுனைக்கு மேலே மீட்பு ஹெலிகாப்டர் சுற்றியது. ஆடுகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. ஃபாபியென் மிதிவண்டியில் விரைந்து வந்து, "ஆளு விழுந்துட்டான், பாறையில!" என்று கத்திவிட்டு நில்லாமல் போய்விட்டாள்.

யார்? உயிர் இருக்கிறதா? எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், ஊர்ப் பக்கமா, ஆற்றுப் பக்கமா? அதை மட்டும் உடனே எழுது. அஞ்சலில் போடாதே. ஃபாபியென் திரும்பி வரும்போது இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்; நீயும் அவளிடமே கொடுத்தனுப்பு.

ஃபிர்மேன்


ஊர்மன்றம்
ஏப்ரல் 29

அண்ணா,

உயிர் இருக்கிறது.

பெல்கியத்திலிருந்து வந்த கணவன் மனைவி. ஹென்ட்ரிக், அன்லீஸ், இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். நீராலையில் வண்டியை நிறுத்தி, ஆற்றுப் பக்கமிருந்து ஏறியிருக்கிறார்கள். பாறையோரத்து வெள்ளாட்டுத்தடத்தில், குளிர்கால மழை பெயர்த்துத் தள்ளிய இடத்தில், அவருடைய காலடி மண் சரிந்தது. ஆறு ஆள் உயரம். நடுவில் ஒரு பாறைத்திட்டு தாங்கியிருக்கிறது. இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்தன.

அன்லீஸை மிரேயின் உணவகத்தில் உட்கார வைத்தோம். பெண் காவலர் மெல்லக் கேட்டார். "அந்தத் தடத்துல ஏன் போனீங்கம்மா? பார்த்தாலே ஆபத்துன்னு தெரியுமே?"

"குறி இருந்துச்சுங்க. இடதுபக்கம் பெருக்கல் போட்டிருந்துச்சு. நாங்க இருபது வருஷமா நடக்கிறோம். பெருக்கல் போட்ட பக்கம் போகக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும். இந்த ஊரு குறியப் பத்தி எல்லாரும் நல்லா சொன்னாங்க. கண்ண மூடிட்டு நம்பலாம்னாங்க."

அண்ணா, மிரேய் அப்போது என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

கீழ்முனையில் உள்ள அந்தக் குறியைக் காவலர்கள் கண்டுவிட்டார்கள். யார் போட்டது என்று நடைவழிக் கழகத்தில் குறி தீட்டும் ஆறு பேரையும் கேட்கப் போகிறார்கள். வழியை இப்போதைக்கு மூடியிருக்கிறேன்; மாவட்ட ஆட்சி அலுவலகம் எனக்கு ஓர் ஆணைப் படிவம் அனுப்பியிருக்கிறது. தவறு எங்கே நேர்ந்தது என்று பத்து நாளில் தெளிவாகாவிட்டால், இந்த மேட்டுநிலத்து வழி முழுவதையும் நான் நிலையாக மூடியாக வேண்டும்.

கேள். அமைதியாக இரு. ஆறு பேரும் ஒரே மஞ்சள் சாயம்தான் பயன்படுத்துகிறீர்கள்; யாராலும் எதையும் மெய்ப்பிக்க முடியாது. பத்தாம் நாள் நான் கையெழுத்திடுகிறேன். வழி நிலையாக மூடப்படும், ஆண்டு முடிவதற்குள் உன் மனுவும் ஏற்கப்படும். நீ கேட்டது உனக்குக் கிடைக்கிறது. மிரேயிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஓதில்


மாசெல்
மே 1

ஓதில்,

கிழிக்கவில்லை.

நேற்று விடிந்ததும் நீராலைக்குப் போனேன். வண்டியில் இல்லை, நடந்து. பாலத்தில் திரும்பி, இந்த ஊரில் பிறவாதவனைப் போல ஏறினேன்.

குறி தீட்டப் பழகுகிறவனுக்குக் கழகம் சொல்லும் முதற்பாடம் உனக்குத் தெரியாது. குறியைப் போட்டதும், வருகிறவன் வரும் திசையில் பத்தடி போ, அயலானாகத் திரும்பு, உன் குறி என்ன சொல்கிறது என்று பார். முப்பத்தொரு வருடம் அந்தப் பத்தடியை நான் தவறவிட்டதில்லை. பதினேழு பேருக்கு அதைக் கற்றும் கொடுத்தேன். ஏப்ரல் முதல் நாள் என் நிலத்துக்குள்ளேயே நின்றுகொண்டு இரண்டு முனையிலும் பெருக்கல் போட்டேன். சினத்தில் இருந்தேன். பத்தடி நடக்கவில்லை.

மேல்முனையில் தீங்கில்லை, பக்கத்திலேயே தார்ச்சாலை. குறியைக் கண்டவன் சாலையோடு இறங்கிவிடுவான். கீழ்முனையில் சாலை கிடையாது. இடப்பக்கம் என் நிலம், வலப்பக்கம் வெள்ளாட்டுத்தடம்; வேறு வழியே இல்லை. அது மட்டுமா? வலப்பக்கத்துப் பாறையில், இருபது வருடத்துக்கு முன் வட்டம் அந்தத் தடத்தில் போனபோது நான் போட்ட மஞ்சள் கோடு இன்னும் மங்கலாக இருக்கிறது. சுரண்டி எடுக்க மறந்திருக்கிறேன். இடப்பக்கம் வராதே என்றவனும் நான். வலப்பக்கம் வா என்றவனும் நான். அந்த மனிதர் என்னை நம்பித்தான் போயிருக்கிறார்.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன். வழியை மூடுவாயா? என்னைக் காப்பாற்ற? எட்டு மாதமாக மூடச் சொல்லிக் கத்தியவன் நான். ஆனால் நான் கத்தியது பத்தொன்பது ஆட்டுக்காக. ஒரு முதியவரின் முறிந்த இடுப்பின்மேல் என் வேலியை நட மாட்டேன். நீ கையெழுத்திடும் அந்த ஆணையும் இன்னொரு பொய்க்குறிதான். அதைப் பார்த்து ஊரே தவறான பக்கம் திரும்பும். மிரேய் கதவைச் சாத்துவாள். "பாறை ஆபத்து, அதான் மூடினாங்க," என்று பள்ளிப் பிள்ளைகள் நம்பும். பாறையா ஆபத்து? நான் ஆபத்து!

ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் பன்னிரண்டாம் நாள் நீ எடுத்த ஒளிப்படத்தில் என்ன இருக்கிறது?

காலையில் காவல் நிலையம் போகிறேன். விடுமுறை நாளென்றால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ஃபிர்மேன்


ஊர்மன்றம்
மே 5

அண்ணா,

இருக்கிறது. மேல்முனையில் நீ போட்ட பெருக்கல்குறி, நேற்றுப் போட்டது போன்ற தெளிவோடு இருக்கிறது.

அன்றே ஒரு கையளவு சாம்பல்நிறச் சாயத்தால் அதை அழித்திருக்கலாம். மன்றத்துப் பணியாளை அனுப்பியிருக்கலாம். ஏன், கழகத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். செய்யவில்லை. விசாரணை நாளில் ஊர் முன்னால் அந்தப் படத்தை உயர்த்திப் பிடித்து, "பாருங்கள், வழியை ஆள் நடக்காததாக ஆக்கியது யார்" என்று முழங்க எண்ணினேன். முழக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் எழுதிவைத்திருந்தேன். அதற்காகவே ஞாயிற்று நடையையும் நிறுத்தினேன். குறி நன்றாக வேலை செய்யட்டும், சான்று வலுக்கட்டும் என்று. நடந்திருந்தால் கீழ்முனையைக் கண்டிருப்பேன். பதினாறு நாள், அண்ணா. நீ ஒருநாள் பத்தடி நடக்கத் தவறினாய். நான் பதினாறு நாள் வேண்டுமென்றே நடக்கவில்லை.

நீ காவல் நிலையம் போன அன்றே பிற்பகல் நானும் போனேன். பெண் காவலர் நிமிர்ந்து பார்த்தார். "காலையில அண்ணன், மத்தியானம் தங்கச்சி. வீட்டுல இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காங்களா?" படத்தைக் கொடுத்துவிட்டேன்.

நேற்று அவையைக் கூட்டி, எழுதிவைத்த முழக்கத்தைக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பதவி விலகல் மடலையும் மேசையில் வைத்தேன். லுசியேன் அதை எடுத்து நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ராஜினாமாவா? நல்லாருக்கே! குழியை வெட்டிட்டு மண்வெட்டிய எங்க கையில குடுத்துட்டுப் போவீங்களோ? உக்காருங்கம்மா. மூடுனதை நீங்கதான் தொறக்கணும். அப்புறம் இத நானே திருப்பித் தர்றேன்."

மிரேய் மட்டும் எழுந்து போய்விட்டாள். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்று தெளிவாகிவிட்டதால், நிலையான மூடல் கைவிடப்பட்டது. கீழ்முனையைச் சீர்செய்து, வெள்ளாட்டுத்தடத்தை அடைத்து, குறிகளைப் புதிதாகத் தீட்டினால், திறப்பு ஆணையில் நான் கையெழுத்திடலாம். உன் நிலத்தின் ஊடே என்பதால் உன் இசைவும் வேண்டும்.

நான் கேட்க மாட்டேன். கேட்கும் தகுதியை இழந்துவிட்டேன்.

ஓதில்


மாசெல்
மே 24

ஓதில்,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ரொதேஸ் மருத்துவமனைக்கு மூன்று முறை போய் வந்தேன். முதல் இரண்டு முறை வாசலோடு திரும்பினேன்.

மூன்றாம் முறை உள்ளே போனேன். ஹென்ட்ரிக்கின் கால் கம்பிக்கூட்டுக்குள் இருந்தது. நான்தான் அந்தக் குறி போட்டவன், ஆடுகள் விழுந்த சினத்தில் போட்டேன் என்றேன். "ஆடு எத்தனை விழுந்துச்சு?" என்றார். சொன்னேன். "நான் இருபதாவதா?" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது அன்லீஸ் வாசல்வரை வந்தாள். "அந்தக் கல்மேசையப் பாக்கத்தான் வந்தோம். பாக்காமலே போறோம்," என்றாள். பாலாடைக்கட்டி கொண்டுபோயிருந்தேன், வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பரில் நீதிமன்றம் அழைத்திருக்கிறது. போவேன்.

மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இசைவுத்தாள் இதனோடு இருக்கிறது. நிபந்தனை மூன்றும் நீயே மார்ச்சில் எழுதியவை: கயிறு, குட்டியீனும் காலம், தானே சாத்தும் கதவு. கதவு இரண்டையும் செய்து மாட்டிவிட்டேன். வெள்ளாட்டுத்தடத்தைக் கல் அடுக்கி அடைத்தேன். பழைய மஞ்சள் கோட்டைச் சுரண்டி எடுத்தேன். பாறையில் வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது.

ஆனால் குறி தீட்ட என்னால் முடியாது. கழகம் என் தூரிகையை இரண்டு வருடத்துக்கு வாங்கி வைத்துவிட்டது. நானே கற்றுக்கொடுத்த பெண்தான் வந்து வாங்கினாள். "கோச்சுக்காதீங்க அண்ணே," என்றாள். அவளும் மற்ற நால்வரும் கீழ்முனைக்கு வர மறுக்கிறார்கள். அந்தப் பாறையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறார்கள்.

நீ தீட்டு. கழகத்தில் சொல்லிவிட்டேன், சாயமும் கோட்டின் வடிவம் வெட்டிய அச்சுத்தகடும் சலவைத்துறைத் தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பாறையை முதலில் கம்பித்தூரிகையால் தேய். வெயில் ஏறுமுன் போடு. பத்தடி.

ஃபிர்மேன்


ஊர்மன்றம்
மே 29

அண்ணா,

தீட்டினேன். தகடு நழுவி முதற்கோடு கோணிப் போயிற்று. துடைத்துவிட்டு மீண்டும் போட்டேன். என் சட்டையின் இடது கை இனி எதற்கும் உதவாது.

பிறகு பத்தடி போனேன். திரும்பினேன். கோடு தெரியவில்லை! சூரைமுட்செடியின் ஒரு கிளை, கோட்டை முற்றாக மறைத்து நின்றது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நேர்த்தியாக இருந்தது, வருகிறவன் கண்ணுக்கு ஒன்றுமேயில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவையில் உன்னைத் தராசில் வைத்தேனே, அந்தத் தராசில் இது ஏறவேயில்லை.

கிளையை வெட்டினேன். பாறையின் வேறு முகத்தில் புதிதாகப் போட்டேன். நான்கு முறை இறங்கி ஏறிப் பார்த்தேன். சரியென்றுதான் தோன்றுகிறது, ஆனால் எனக்கு வழி தெரியும், ஆகவே என் கண்ணை நான் நம்பவில்லை.

மிரேய் நேற்று முதன்முறையாகப் பேசினாள். "சனிக்கிழமைக்கு எத்தன பேருக்கு சூப்பு வைக்கணும்? அத மட்டும் சொல்லு, வேற எதுவும் பேசாத."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீ நீராலையிலிருந்து ஏறி வா. வைசாத் குடும்பத்தானாக வராதே, மேய்ச்சல்காரனாக வராதே, இந்த மண்ணை ஒருநாளும் மிதியாத ஒருவனாக, என் கோட்டை மட்டும் நம்பி வா. அரக்கன் மேசையருகே நான் நிற்பேன். உன் தலை எந்தப் பக்கத்திலிருந்து மேலெழுகிறது என்று பார்ப்பேன். திறப்பு ஆணை என் கையில் இருக்கும். நீ வந்து சேரும்வரை பேனாவை மூடியோடு வைத்திருப்பேன்.

ஓதில்

பின்குறிப்பு: நாயைக் கயிற்றில் பிடித்து வா.